ஓர் அறை, இரண்டு சாவி: முதியோர் குடியிருப்பில் தம்பதியாகக் குடியேறுவோருக்கு

கோயம்புத்தூரைச் சுற்றி வடவள்ளி, தொண்டாமுத்தூர், கோவைப்புதூர், துடியலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மூத்தவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்று கண்ணில் படும். சமையல், துப்புரவு, நர்ஸ், காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மாதாமாதம் பணம் கட்டினால் போதும். சொந்தக்காரர்கள் இன்னும் இதை 'முதியோர் இல்லம்' என்றுதான் சொல்வார்கள், அதுவும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை.

இங்கே வரும் தம்பதிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாற்பது ஐம்பது வருடக் குடித்தனத்தில் வேலைகள் பங்கு பிரிந்து கிடக்கும். பேங்க், வரி, கரண்ட் பில் ஐயா. மாத்திரை, சமையல், பிள்ளைகளோடு போன் பேச்சு அம்மா. சொந்த வீட்டில் அது ஓடிவிடும். இங்கே வந்தபின் ஒருவர் நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால், ஐயாவுக்குத் தன் சர்க்கரை மாத்திரை எது என்று தெரியாது. அம்மாவுக்கு ஏடிஎம் பின் நம்பர் தெரியாது. குடியிருப்பின் கணக்கில் நீங்கள் ஒரு வீட்டு எண். உங்கள் கணக்கில் எல்லாவற்றையும் இரண்டாகவே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன்னால்

மூன்று வகை ஏற்பாடு உண்டு. ஒன்று, கிரயப் பத்திரம் போட்டு வீட்டையே வாங்குவது. இரண்டாவது, பெரிய தொகையை டெபாசிட்டாகக் கட்டி, இருக்கும்வரை குடியிருப்பது. மூன்றாவது, மாத வாடகை. முதல் முறையாக வருகிறவர்கள் மூன்றாவதில் தொடங்குவது நல்லது. பழைய வீட்டை முதல் வருடம் விற்கவே வேண்டாம். பூட்டிவையுங்கள், அல்லது பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுங்கள். ஆறாம் மாதத்தில் திரும்பிப் போக நினைக்கிறவர்கள் உண்டு; போக ஓரிடம் வேண்டும்.

ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'குடியிருப்பவர்' என்று கணவர் பெயரும், 'உடன் இருப்பவர்' என்று மனைவி பெயரும் போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். உடன் இருப்பவருக்கு என்ன உரிமை என்ற கேள்வி, கணவர் இல்லாத நாளில் எழுந்தால் பதில் சொல்ல ஆள் இருக்காது. இருவரில் ஒருவர் போனபின் மற்றவர் அதே நிபந்தனையில் தொடரலாமா, ஒருவருக்கான கட்டணம் எவ்வளவு, டெபாசிட் திரும்ப எத்தனை நாளில் வரும், அது யார் கைக்கு வரும், இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வேண்டும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல், கட்டியவர், சேவை தருகிறவர், குடியிருப்பவர் மூன்று தரப்பும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது. கட்டிய நிறுவனம் ஒன்று, சமையலும் நர்ஸும் பார்க்கும் நிறுவனம் வேறொன்று என்றிருப்பது சாதாரணம். பின்னது பாதியில் விலகினால் யார் பொறுப்பு என்பதைக் கேட்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

மாதக் கட்டணத்தைப் பிரித்துக் கேளுங்கள். பராமரிப்பு வீட்டுக்கு இவ்வளவு, சாப்பாடு தலைக்கு இவ்வளவு, கரண்ட் தனி, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, பிள்ளைகள் வீட்டுக்குப் பதினைந்து நாள் போனால் சாப்பாட்டுக் காசு கழியுமா. பிறகு வருடா வருடம் எத்தனை சதவீதம் ஏறும் என்று கேட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். இன்று 40,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் 86,000 தாண்டிவிடும்.

இதில் தம்பதிகள் பெரும்பாலும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒருவர் போய்விட்டால் செலவு பாதியாகாது. சாப்பாடு மட்டும்தான் பாதியாகும்; பராமரிப்பு அப்படியே நிற்கும். வருமானமோ இறங்கும். மத்திய அரசின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்றால், வழக்கமான குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். ஆகவே 'இருவராக இருந்தால் கட்டுமா' என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், 'ஒருத்தராக இருந்தால் கட்டுமா' என்றும் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

பத்து நாள் தங்கிப் பாருங்கள்

விருந்தினர் அறையில் காசு கொடுத்துப் பத்து நாள் தங்க விடுவார்கள். ஆனி, ஆடியில் போங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மேற்கே பார்த்த ஜன்னல் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும், புழுதி உள்ளே வரும். வீசிங் உள்ளவருக்கு அந்த அறை ஆகுமா என்பது அந்த இரண்டு மாதத்தில்தான் தெரியும். மார்கழியில் வந்து 'ஊட்டிக் குளிர் மாதிரி இருக்கே' என்று மயங்கிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம்.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எமர்ஜென்சி பெல்லை அழுத்துங்கள். எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார், வந்தவர் நர்ஸா வாட்ச்மேனா என்று பாருங்கள். தங்கிப் பார்க்க வந்தவர் ஒரு தடவை அழுத்தினால் மன்னித்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அலுவலகத்தில் கிடைக்காத விவரமெல்லாம் ரசம் ஊற்றும் நேரத்தில் கிடைக்கும்.

எதைக் கொண்டுவருவது

மூன்று படுக்கையறை வீட்டிலிருந்து ஒரு படுக்கையறைக்கு வருகிறீர்கள். அறையை டேப் வைத்து அளந்து, தரையில் சாக்பீஸால் கட்டில், பீரோ, நாற்காலிகளைக் கோடு போட்டுப் பாருங்கள். நடுவில் எங்கும் மூன்றடிக்குக் குறையாத வழி வேண்டும். நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்தால் அதில்தான் போகும்.

பழைய தேக்கு இரட்டைக் கட்டிலை விட மனசு வராது. ஆனால் அது இரண்டு வகையில் இடைஞ்சல். அதன் உயரத்தில் கால் தரையில் படாது. சுவர் பக்கம் படுப்பவர் எழுந்துவர மற்றவரைத் தாண்ட வேண்டும். மூன்றடி அகலத்தில் இரண்டு ஒற்றைக் கட்டில் வாங்கி, நடுவில் வழி விட்டுப் போடுங்கள். மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம். விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். பின்னால் ஒருவருக்கு முடியாமல் போனால் பார்த்துக்கொள்கிற பெண் இரு பக்கமும் நின்று புரட்டிவிட இது ஒன்றுதான் வசதி. ஐம்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்களுக்கு முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பாத்திரத்தில் தினமும் கைக்கு வருவது பத்து உருப்படி, அவ்வளவுதான். கொலுப் பொம்மையில் ஐந்து படிக்கு இடம் இல்லை. மரப்பாச்சியும் இன்னும் பத்தும் வைத்துக்கொண்டு மிச்சத்தை மகளிடம் கொடுங்கள். சில இடங்களில் பொதுக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து கொலு வைப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

சாவி இரண்டு கேட்டு வாங்குங்கள். ஒருவர் நடைக்குப் போயிருக்கும்போது மற்றவர் உள்ளே மயங்கி விழுந்தால் என்னாகும் என்று யோசித்தால் காரணம் புரியும். உள்ளே இருப்பவர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவைக்கக் கூடாது. பல பூட்டுகளில் வெளியிலிருந்து மாற்றுச் சாவி நுழையாது. கதவுக்கு உள்பக்கம் ஆணி அடித்து அதில் மாட்டுங்கள். மேல் தாழ்ப்பாளைப் போடவே வேண்டாம்.

கட்டிலிலிருந்து கழிப்பறைவரை

ராத்திரி இந்தப் பத்தடியில்தான் இடுப்பு உடைகிறது. தம்பதிகளுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு: மற்றவர் தூக்கம் கெடுமே என்று விளக்குப் போடாமல் தடவிக்கொண்டே போவது. அன்பினால் விழுகிற விழுகை இது. கணுக்கால் உயரத்தில், ஆள் அசைந்தால் தானே எரிகிற சின்ன சென்சார் விளக்கு இரண்டு, கட்டிலடியில் ஒன்றும் கழிப்பறை வாசலில் ஒன்றும், ஒட்டிவிடுங்கள். யாரையும் எழுப்பாது, சுவிட்சையும் தேட வேண்டாம்.

ராத்திரி அதிகம் எழுந்திருக்கிறவர் கழிப்பறைப் பக்கக் கட்டிலில் படுக்க வேண்டும். 'நான் எப்பவும் இடப்பக்கந்தான்' என்ற வழக்கத்தைத் தூக்கிப் போடுங்கள். எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு நிற்கவும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படார் என்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். மிதியடியை எடுத்துவிடுங்கள், வழுக்காது என்று விற்பதும் ஓரம் மடங்கித் தடுக்கும்.

குளியலறையில் துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது; ஆளின் பாரம் விழுந்தால் திருகோடு பிடுங்கிக்கொண்டு வரும். ரப்பர் கிண்ணத்தால் டைல்ஸில் ஒட்டுகிற வகையையும் நம்பாதீர்கள். சுவரில் துளை போட்டு நங்கூர போல்ட்டால் இறுக்கிய கம்பிதான் கம்பி. படுக்கைவாட்டில் ஒன்று, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்தில். செங்குத்தாக இன்னொன்று வேண்டும். இருவரும் ஒரே உயரம் இல்லை, செங்குத்துக் கம்பியை அவரவர் தோதான இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

எமர்ஜென்சி பெல்லின் கயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை தொங்க வேண்டும். துடைக்கும்போது நனைகிறது என்று துப்புரவு செய்கிறவர் அதை மேலே சுற்றிக் கட்டிவைப்பார். விழுந்து கிடப்பவர் கைக்கு அது எட்டாது. வாரம் ஒரு தடவை பாருங்கள், கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற வகையாக இருக்கட்டும். கூச்சமாக இருந்தால் உள்ளே இருக்கும்போது கதவுப் பிடியில் துண்டு போடுவது என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளலாம். விடிகாலை நாலரைக்குக் குளிக்கிற வழக்கத்தை மட்டும் ஆறரைக்குத் தள்ளுங்கள். பகல் ஷிப்ட் ஆட்கள் வந்திருப்பார்கள். சக்கரம் இல்லாத, காலில் ரப்பர் உள்ள நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கவும். வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் கீசர் தண்ணீரைத் திறக்கவும். மாற்றிச் செய்தால், காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரருக்குச் சுட்டது தெரியாது.

விழுந்தவரை வாழ்க்கைத் துணை தூக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் பதறிப் போய்க் கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்புறம் இருவரும் தரையில் இருப்பார்கள். முதலில் பெல். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் போர்வை போர்த்திவிட்டு ஆள் வரக் காத்திருங்கள். வலி ஒன்றும் இல்லை, தானே எழ முடியும் என்றால் ஒருக்களித்து, முட்டி போட்டு, முன்னால் வைத்த கனமான நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முதலில் ஊன்றி எழ வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டிருந்தால், எழுந்து நன்றாகப் பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே கசிவது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

காது மெஷினை ராத்திரி கழற்றிவைத்தவருக்கு மற்றவர் விழுந்த சத்தம் கேட்காது. அப்படி ஒருவர் இருந்தால், இன்னொருவர் கழுத்தில் மாட்டுகிற பெல்லைக் கழிப்பறைக்கும் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

மாத்திரை

ஞாயிறு மாலை நாலு மணி. காபி குடித்தாயிற்று, டிவி அணைந்திருக்கிறது. மேசையில் ஏழு நாள், நாலு வேளை டப்பா இரண்டு: சிவப்பு அவருடையது, நீலம் அம்மாவுடையது. ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் திறந்திருக்க வேண்டும். அவர் தன் அட்டைகளை எடுத்துப் பெயரைச் சத்தமாகப் படித்துப் போடுகிறார். அம்மா மருந்துச் சீட்டைக் கையில் வைத்து ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் டிக் போடுகிறார். சிவப்பை மூடி அலமாரியில் வைத்த பிறகு நீலம், இப்போது படிப்பவர் அம்மா, டிக் போடுபவர் அவர். அரை மணி நேரம் ஆகும். இது வேண்டாத சடங்கு போலத் தோன்றும். ஆனால் ஒருவர் மாத்திரையை மற்றவர் விழுங்குவது, கண் மங்கலான இருவர் ஒரே அலமாரியைப் பயன்படுத்தும் இடத்தில், எளிதாக நடக்கும். அவரவர் டப்பாவை அவரவரே நிரப்புவதில் இன்னொரு லாபமும் உண்டு: நாளைக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் திகைக்க மாட்டார்.

தவறுகள் வழக்கமாக நடக்கும் இடங்கள் இவை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பழைய மாத்திரையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள புது மாத்திரையும் சேர்ந்து உள்ளே போகும். கம்பெனிப் பெயர் வேறு, மருந்து ஒன்றே. சீட்டில் மருந்தின் மூலப் பெயரை நர்ஸிடம் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், நிறுத்தியவற்றை அன்றே வீட்டிலிருந்து அகற்றுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. ஆறு மணிக்குக் காபி வரும் என்றால் ஐந்து மணிக்கே போட வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை அதிலிருந்து நாலு மணி நேரமாவது தள்ளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர், டாக்டர் வேறு நேரம் சொல்லியிருந்தால் தவிர, தட்டு முன்னால் வந்தபின் எடுக்க வேண்டும். அறையிலேயே போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனால், அன்று பூஜை நீண்டு சாப்பாடு முக்கால் மணி தாமதமாகும்.

வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதித்து, தேறியதும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கட்டில் பக்கம் சின்ன டப்பாவில் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

சாப்பாடும் காபியும்

நூற்றைம்பது பேருக்கு வைக்கிற சாம்பார் வீட்டுச் சாம்பார் மாதிரி இருக்காது. இது குறையில்லை, கணக்கு. முதல் மாதம் தினமும் குறை சொல்கிறவர்கள் மூன்றாம் மாதம் சொல்வதை யாரும் கேட்பதில்லை. குறிப்பாகக் கேளுங்கள்: பல் இல்லாதவருக்குக் குழைந்த சாதம், சர்க்கரைக்காரருக்கு ஒரு கரண்டி சாதம் குறைத்து ஒரு கரண்டி கூட்டு, பிபிக்காரருக்கு அப்பளம் வேண்டாம். இவை கிடைக்கும்.

இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடும். காலைக் காபி வரை பதினோரு மணி நேரம் இடைவெளி. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் படுக்கும்முன் அரை டம்ளர் பால் குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

காபியை மட்டும் அறையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பு அனுமதிக்க மாட்டார்கள், இண்டக்‌ஷன் அனுமதிப்பார்கள். வீட்டு எவர்சில்வர் பாத்திரம் அதில் வேலை செய்யுமா என்று பார்க்க ஃபிரிட்ஜ் காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் சூடாகும். பேஸ்மேக்கர் வைத்தவர் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளியே நிற்கட்டும். கால் லிட்டர் பால் இருவருக்கு இரண்டு வேளைக்கு வரும். சமையலறையை விட்டு வந்த அம்மாக்களுக்கு இந்த ஒரு அடுப்பு பெரிய பிடிமானம். ஐயாவும் டிகாக்‌ஷன் போடக் கற்றுக்கொள்ளட்டும். பொடியை அழுத்தாமல் சமன் செய்து, கொதித்து அடங்கிய தண்ணீரை நடுவிலிருந்து மெதுவாக ஊற்றினால் போதும்.

இருவரும் நாள் முழுக்க ஒரே அறையில்

ஊரில் அவருக்கு டீக்கடை, கோயில், பேங்க் என்று வெளி இருந்தது. அம்மாவுக்கு அவர் இல்லாத மூன்று மணி நேரம் இருந்தது. இங்கே இரண்டும் போய்விடும். வந்த முதல் வாரமே தனித்தனி நேரம் ஒதுக்குங்கள்: காலை நடை ஒருவர் ஐந்தே முக்காலுக்கு, மற்றவர் ஆறரைக்கு. நூலகம் அவருக்கு, பஜனை அம்மாவுக்கு. வாரம் இரண்டு நாளாவது கூடத்தில் வேறு வேறு மேசையில் உட்காருங்கள். பக்கத்து வீட்டார் 'ஏதாவது சண்டையா மாமி?' என்று கேட்பார்கள், கேட்கட்டும். தனித்தனியாக நட்பு இருந்தால்தான் ஒருவர் படுத்தாலும் மற்றவருக்குப் பேச ஆள் இருக்கும்.

டிவிக்கு ஹெட்போன் வாங்குங்கள். சீரியல் சத்தமும் கிரிக்கெட் சத்தமும்தான் இங்கே பாதிச் சண்டைக்குக் காரணம். சண்டை வந்தால் வேலை செய்கிற பெண்ணைத் தூது அனுப்பாதீர்கள்: 'கண்ணு, அம்மாகிட்ட போய்ச் சொல்லு' என்று ஆரம்பித்தால் மாலைக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் போனில் கூப்பிட்டால் இருவரும் தனித்தனியாகப் பேசுங்கள். ஸ்பீக்கரில் போட்டால் ஒருவர் பேசுவார், மற்றவர் 'நல்லா இருக்கேன்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

காகிதங்கள்

பேங்க் கணக்கு 'ஐதர் ஆர் சர்வைவர்' முறையில், அதாவது இருவரில் யாரும் தனியாக இயக்கலாம், ஒருவர் போனபின் மற்றவர் தொடரலாம் என்ற முறையில், இருவர் பெயரிலும் இருக்கட்டும், நாமினியும் போடுங்கள். குறுஞ்செய்தி எந்தப் போனுக்கு வருகிறது என்று பாருங்கள்; ஓடிபி எல்லாம் ஐயா போனுக்கே போய், அது ஐசியூ வாசலில் பூட்டிய பையில் கிடந்தால் அம்மா கையில் பணம் இராது. இருவருக்கும் தனித்தனி ஏடிஎம் கார்டு, மாதம் ஒரு தடவை இருவரும் அவரவர் கார்டில் எடுத்துப் பழக வேண்டும்.

ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் குடும்ப ஓய்வூதியம் மாதக் கணக்கில் இழுக்கும். கணவர் இருக்கும்போது திருத்துவது எளிது. மத்திய அரசு ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றிதழை நவம்பரில் தர வேண்டும், 80 வயது தாண்டியவர் அக்டோபரிலிருந்தே தரலாம். விரல் ரேகை தேய்ந்திருந்தால் போன் கேமராவில் முகம் காட்டிச் செய்யலாம்.

வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. 85 வயது தாண்டியவர் படிவம் 12டி கொடுத்தால் வீட்டுக்கே வந்து வாக்கு வாங்குவார்கள்.

உயில் இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு சாட்சி போதும், சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது. பழைய வீட்டைப் பிள்ளைக்கு தானப் பத்திரம் எழுதுவதானால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பின்னால் ரத்து கேட்க அந்த வரி உதவும். செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா என்பதையும் எழுதிவைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து. முதியோர் உதவி எண் 14567, போனில் சேமித்துவிடுங்கள்.

ஒருவருக்கு முடியாமல் போனால்

கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை இரண்டு தொங்கட்டும், ஆளுக்கு ஒன்று. உள்ளே ஒரே ஒரு தாள்: பெயர், ரத்த வகை, நோய்கள், மாத்திரைகள், ஒவ்வாமை, போக வேண்டிய ஆஸ்பத்திரி, பிள்ளைகள் எண் வரிசையாக. ஆதார் நகல், இன்சூரன்ஸ் கார்டு நகல், 5,000 ரூபாய் ரொக்கம். அமெரிக்காவில் இருக்கும் மகன் எண்ணுக்கு முன்னால் இதே ஊரில் இருக்கும் ஒருவரின் எண் வர வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை எழுதிக் கொடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பது யார்? எழுபத்தெட்டு வயது மனைவி மூன்று இரவு ஒடுங்கிய பெஞ்சில் படுத்தால் நாலாம் நாள் அவரும் பேஷண்ட். முதல் இரவுக்கு அட்டெண்டர் அனுப்புவார்களா, ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு என்று இப்போதே கேட்டு வையுங்கள். பகலில் போங்கள், இரவு அறைக்குத் திரும்பித் தூங்குங்கள்.

மறதி நோய் முற்றி ஒருவரைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டி வரலாம். அந்தப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறதா என்பது இடம் தேர்வு செய்யும்போதே பார்க்க வேண்டிய விஷயம். மாறியபின் நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தை உங்களுடையதாக்கிக்கொண்டு தினமும் அதே நேரத்துக்குப் போங்கள், ஊட்டிவிடுவதானால் அப்போது.

ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால், சின்ன அறைக்கு மாறச் சொல்லி அலுவலகமும் பிள்ளைகளும் அவசரப்படுத்துவார்கள். ஒப்பந்தத்தில் கட்டாயம் இல்லையென்றால் ஆறு மாதம் அசையாதீர்கள். இரண்டாவது கட்டிலை எடுத்துவிடலாம், அல்லது இருக்கட்டும். இறப்புச் சான்றிதழ் பத்துப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். பேங்க், பென்ஷன், இன்சூரன்ஸ் ஒவ்வொன்றும் ஒன்று கேட்கும். சிவப்பு டப்பாவையும் அதிலிருந்த மாத்திரைகளையும் நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது சாவியை மட்டும் அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டாம். காலையில் உங்களோடு காபி குடிக்கிற எதிர்வீட்டு மாமியிடமோ ஐயாவிடமோ அது இருக்கட்டும். எட்டு மணிக்கு நீங்கள் டிபனுக்கு வரவில்லையென்றால் அவர் வந்து திறந்து பார்ப்பார்.